வழிப்பயணியும் வணிகரும்

மீண்டும் வாரார் என்று தெரிந்த வழிப்பயணியிடமே வணிகரின் நேர்மை உரைத்துப் பார்க்கப்படுகிறது.

சென்னையினின்று மனைவி, குழந்தையோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுவை நோக்கிச் சென்றோம். மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து, கோட்டக்குப்பத்தை நெருங்குகையில் மோட்டார் சைக்கிளின் கிளட்ச் கேபிள் அறுந்தது. தள்ளிச் சென்று சேர்ந்த விற்பனை நிலையத்திலோ, "இங்கு வாங்கிய வண்டியன்று; நாளை மறுநாள் வாருங்கள்" என்றனர். அங்குப் பணிபுரிந்த இளைஞர் ஒருவரே, நண்பகல் உணவை ஒத்திவைத்துக் கேபிளை மாற்றி, ரசீதும் பெற்றுத் தந்தார்.

அன்பர்களே, ரசீதைப் பேணுங்கள். 2020 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை எவ்வூரில் நேரினும் நாம் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிடில் கட்டணமுமில்லை.

சட்டம் இழப்பை ஈடுசெய்யும். வெயிலில் வாடிய குழந்தையை இருட்டுமுன் ஊர் சேர்த்தது அவ்விளைஞரின் இரக்கமே.