புறக்கோட்டையிற் கேட்ட வள்ளத்தின் ஓசை

"யூபிலி மலருக்கு நீங்களும் ஒரு கட்டுரை தரவேண்டும், ஆனால், இம்முறை இலக்கணம் வேண்டா" என்று மலர்க்குழுவினர் என்னிடங் கேட்டுக்கொண்டனர். தமிழாசிரியனிடம் இலக்கணம் வேண்டா என்பது தச்சனிடம் மரம் வேண்டா என்பதை ஒக்கும். எனினும், அவர்தம் வேண்டுகோளைத் தட்ட மனமின்றி, வள்ளத்து இயந்திரமொன்றைப் பற்றி எழுதத் துணிந்தேன். கோப்பாய் ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்ற தமிழாசிரியனுக்கு இயந்திரத்தோடு யாது உறவு என வாசகர் வினவக்கூடும். உறவு என் மனைவியின் தம்பி வழியாக வந்தது. பாடஞ் சொன்னவர் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர். பாடம் நடந்த இடம் புறக்கோட்டை.

கோட்டைக்குப் புறத்தே அமைந்தமையால் அது புறக்கோட்டை ஆயிற்று. 'பிட்ட கொட்டுவ' என்னுஞ் சிங்களப் பெயருக்கும் அதுவே பொருள். ஆங்கிலத்தில் வழங்கும் 'பெட்டா' என்பதோ நம் 'பேட்டை'யின் திரிபு. செட்டியார் தெருவிலே பொன்னும், முதலாங் குறுக்குத் தெருவிலே மின்சாதனமும், அடுத்த தெருவிலே 1909ஆம் ஆண்டிற் கட்டிமுடிந்த செவ்வெண் கோடிட்ட பள்ளிவாசலும், இவற்றினூடே சுமைவண்டி தள்ளும் நாட்டாமிகளுமாக அங்கே ஒருவன் நிதானமாக நின்று சிந்திப்பதற்கு இடமே இல்லை. அத்தகைய இடத்திலேதான் நிதானமான சிந்தனை எத்தகையது என்பதைக் கண்டேன்.

என் மைத்துனர் மயிலிட்டியைச் சேர்ந்தவர். 1990ஆம் ஆண்டு அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தபோது அவர் தாயின் இடுப்பிலிருந்த குழந்தை. 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் மீளக் கையளிக்கப்பட்டதன் பின், தகப்பனார் செய்த தொழிலையே செய்வதென்று உறுதிகொண்டு, கடன்பட்டு, பழைய 28 அடி வள்ளமொன்றை வாங்கினார். நம் நாட்டின் கடற்றொழிலுக்கு அவ்வகை வள்ளம் புதியதன்று. 1950களின் பிற்பகுதியில் அரசாங்கம் தவணைக் கடனுக்கு இயந்திர வள்ளங்களை வழங்கத் தொடங்கிய காலந்தொட்டு வருவது. பாயும் தண்டும் அறிந்திருந்த மீனவர் அன்றுமுதல் டீசலையும் பற்றரியையும் அறியவேண்டியவராயினர்.

2023ஆம் ஆண்டு ஒருநாள், வலையிழுத்து முடித்துத் திரும்பும் வேளையில் அவ்வியந்திரம் கடலிலேயே கிளம்ப மறுத்தது. வேறொரு வள்ளம் கயிறு கட்டி இழுத்துவரும்வரை நால்வர் நீரோட்டத்தோடு மிதந்தனர். 1974, 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த எல்லைக்கோடு வரைபடத்தில் உண்டு, அலைமேல் இல்லை. அதைத் தாண்டிப் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை என் மனைவி இன்றும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

கரைக்கு வந்தபின் உள்ளூர் இயந்திரகாரர் ஒருவர் சோதனை விளக்கைக் கொண்டு பார்த்தார். ஸ்ராட்டரின் முனையில் விளக்குப் பிரகாசமாக எரிந்தது. "மின்சாரம் இங்குவரை வருகிறது, ஆகவே ஸ்ராட்டர் போய்விட்டது" என்று தீர்ப்பளித்தார். முந்திய ஆண்டிலேதான் அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியிருந்தது. இறக்குமதிப் பொருளின் விலையைச் சொல்லவும் வேண்டுமோ? மைத்துனரின் மனைவி இரு காப்புகளை அடகு வைத்தார். பணம் என் கணக்குக்கு வந்தது. புதிய ஸ்ராட்டர் வாங்கி, வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் இரவுப் பேருந்தில் ஏற்றிவிடுவது என் பொறுப்பு.

கடையிலே கல்லாவுக்குப் பின்னாலிருந்து "வாங்கோ சேர்" என்று எழுந்தவர், சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பின் கடைசி வாங்கில் யன்னலோரமாக இருந்தவர். சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தித் தகப்பனாரின் கடைக்குப் போனவர். யான் வேண்டிய பொருளைச் சொன்னேன். அவர் தட்டைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. "சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகுது, சேர்?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. தொலைபேசியில் மைத்துனரை அழைத்து அவர் கையிற் கொடுத்தேன். துறையில் நின்ற வள்ளத்துக்குள் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு மைத்துனர் சாவியைத் திருப்ப, நெரிசல் மிகுந்த அந்தக் கடைக்குள் 'டக்' என்ற ஓர் ஓசை கேட்டது. ஒன்றே ஒன்று.

அவர் எனக்கு விளக்கிய முறையை இங்கே தருகிறேன். சாவியைத் திருப்பியும் ஓசையே இல்லையெனிற் குற்றம் பெரும்பாலுஞ் சிறிய வழியில் இருக்கும்: உருகி, சாவி ஆளி, கியர் நடுநிலையில் இல்லாதபோது மின்னைத் தடுக்கும் ஆளி, இவற்றை இணைக்கும் மெல்லிய வயர். 'டக டக டக' என விடாது அடித்தால், பற்றரி சோர்ந்துள்ளது அல்லது இணைப்பு மிகக் கெட்டுள்ளது. 'டக்' என ஒருமுறை மட்டும் ஒலித்து நின்றால், சொலினொயிட் தன் கடமையைச் செய்துவிட்டது; பெருமின்னோட்டம் செல்லும் தடித்த வழியிலோ ஸ்ராட்டரிலோ இடையூறு. இயந்திரம் நன்றாகச் சுழன்றும் உயிர்பெறாவிட்டால், டீசற் குழாயிற் காற்றுப் புகுந்ததா என்றும், இயந்திரத்தை நிறுத்துஞ் சொலினொயிட் விடாது பிடித்திருக்கின்றதா என்றும் பார்க்கவேண்டும். பகுபதத்தைப் பிரிப்பது போலவே ஓசையைப் பிரித்துப் பொருள் கொண்டார். மலர்க்குழுவினர் பொறுத்தருள்க.

அடுத்த வினா: "பற்றரியின் இரண்டு முனையிலும் நேரே ஒரு பல்பைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கோ. பல்பு மங்குதோ?" சிறிதே மங்கியது. ஓய்விலிருந்த பற்றரியின் அளவு 12.6 உவோற்று, அது நிறைந்த பற்றரிக்குரிய அளவு. ஸ்ராட்டர் இழுக்கும்போதும் ஏறக்குறைய 9½ உவோற்றுக்குக் கீழே அது இறங்கலாகாது, இறங்கவுமில்லை. ஆகவே, பற்றரி கொடுக்க ஆயத்தமாக இருக்கின்றது; வழியில் எவரோ பறித்துக்கொள்கின்றனர்.

"அப்படியானால், ஸ்ராட்டர்வரை விளக்கு எரிந்ததே?" என்று யான் கேட்டேன்.

அவர் சிட்டைப் புத்தகத்தின் பின்புறத்திற் கணக்கெழுதிக் காட்டினார். சோதனை விளக்கு 5 உவாற்று. அது கேட்பது அரை அம்பியரிலுங் குறைவு. ஸ்ராட்டரோ நூறு அம்பியருக்கு மேற் கேட்கும். காற்றை அழுத்தி, அவ்வழுத்தத்தின் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைக்கும் இயந்திரம் டீசல் இயந்திரம்; அதனைச் சுழற்றப் பெருவலிமை வேண்டும். (அதனைக் கண்ட ரூடொல்ப் டீசல் 1913ஆம் ஆண்டு ஆங்கிலக் கால்வாயைக் கடக்குங் கப்பலிலிருந்து காணாமற்போய்க் கடலிலேயே மாண்டார் என்பது வேறு கதை.) இணைப்பொன்றில் 0.06 ஓம் தடை மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். விளக்குக்கு அதனால் இழப்பு 0.024 உவோற்று, கண்ணுக்கே புலப்படாது. நூறு அம்பியர் ஓடும்போதோ அதே தடை 6 உவோற்றை விழுங்கிவிடும். பாதி மின்னழுத்தம் போய்விடும். விழுங்கிய 600 உவாற்றும் அவ்விடத்திலே வெப்பமாகும். "பல்பு பொய் சொல்லேல்லை, சேர். அதிட்டை நாங்கள் சின்ன வேலைதான் கேட்டனாங்கள்" என்றார்.

ஓமின் விதியை எட்டு ஆண்டுகளாக ஆசிரிய அறையிற் பக்கத்து நாற்காலி விஞ்ஞான ஆசிரியர் வாயாற் கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது எனக்குள் இறங்கியது.

ஆகவே, வேலை நடக்கும்போதே அளக்கவேண்டும். பன்மானியின் ஒரு முனையைப் பற்றரியின் எதிர்முனை ஈயக் குற்றியிலும், மறுமுனையை இயந்திரத்தின் வெற்றிரும்பிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னார். இரண்டும் ஒரே வழியின் இரு நுனிகளாதலின் அங்கே அரை உவோற்றுக்கு மேற் காட்டக்கூடாது. 6.2 எனக் காட்டியது. "இப்ப அந்தக் கறுப்பு வயரின் நுனியை மெதுவாகத் தொட்டுப் பாருங்கோ" என்றார். மறுமுனையிலிருந்து என் மைத்துனர் "ஆ!" என்று கத்தியது கடையில் நின்ற அனைவர்க்குங் கேட்டது.

குற்றம் 'ஏர்த்' வழியில். நாற்புறமும் நீர் சூழ மிதக்கும் வள்ளத்திலும் இதனை 'மண்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாலேயே அழைக்கின்றனர். ஆட்சேபிக்க யான் யார்? வடத்தின் உறையைக் கத்தியாற் கீறிப் பார்த்தபோது, வெளியே புத்தம் புதிதுபோலத் தோன்றிய அது உள்ளே ஒரு சாண் தூரம் கறுத்துப் பச்சைபூத்துப் பொடியாகியிருந்தது. லொறிக்குரிய சாதாரணச் செப்பு வடத்தை எவரோ வள்ளத்திற் பூட்டியிருந்தனர். உப்புநீர் செப்புக் காதின் வழியே புகுந்து, இழையோடு இழையாக உறைக்குள் ஏறிவிடும். கடலுக்கு வெள்ளீயம் பூசிய செப்பு வடமே தகும். இதனை யாவரும் அறிந்திருந்தும் விலை பார்த்துத் தரையில் ஓடுவதை வாங்குகின்றனர். இதில் எனக்குக் கோபம் உண்டு. ஆயினும், கடனோடு தொழில் செய்பவனைக் கோபிப்பதற்கு மாதச் சம்பளக்காரனுக்குத் தகுதி குறைவு.

வீட்டில் முயல்வோர்க்கு அவர் கூறிய எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். மின்னேறும் பற்றரியிலிருந்து ஐதரசன் வாயு வெளியேறும். மூடிய இயந்திர அறையில் ஒரு பொறி போதும். முதலிற் பலகைகளைத் திறந்து காற்றோட விடுக. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலுங் கையாளுக. முனையிற் பூத்த வெண்பொடியை அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவுக. அது கலத்தினுள் விழலாகாது. உலர்ந்தபின் இறுக்கி, அதன்மேல் வசிலீன் பூசுக, பூசியபின் இறுக்குவதன்று. வெளியிணைப்பு இயந்திரம் வைத்திருப்போர், ஓட்டுபவரின் கையிற் கட்டும் நிறுத்தற்கயிற்றின் கொளுவி தன்னிடத்தில் உள்ளதா என்பதை முதலிற் பார்ப்பாராக. கயிறிழுத்துக் கிளப்பும் அவ்வியந்திரங்கள் பலவற்றுக்குப் பற்றரியே வேண்டியதில்லை. அவற்றிலே பிளக்கில் உப்பும் கரியும் படிவதே பெருந்தொல்லை.

யான் ஸ்ராட்டருக்கென எடுத்துச் சென்ற பணத்திற் பெரும்பகுதி சட்டைப்பையிலேயே இருந்தது. வெள்ளீயம் பூசிய 35 சதுர மில்லிமீற்றர் வடம் 2 மீற்றர், அதன் இரு நுனியிலும் அழுத்திப் பொருத்திய செப்புக் காதுகள், வசிலீன் ஒன்று. இவ்வளவே பொதி. காதுகளை அழுத்தியதற்குக் கூலி வேண்டாமென்றவர், "சேர், நீங்கள் எனக்கு ஒரு உதவி செய்யவேணும்" என்று சுவரைக் காட்டினார். அங்கே, 'விற்ற பொருட்கள் திரும்ப எடுக்கப்படமாட்டாது' என்று சிவப்பு மையில் எழுதப்பட்டிருந்தது. "ஏதோ பிழையென்று ஒரு ஆள் சொல்லிப்போட்டுப் போனவர். எங்கேயென்று எனக்குத் தெரியேல்லை."

பொருட்கள் பன்மை; மாட்டாது ஒருமை. 'மாட்டா' என்றிருத்தல் வேண்டும் என்றேன். அவர் மேசையிலிருந்த கறுப்பு இன்சுலேசன் நாடாவில் ஒரு துண்டு வெட்டி, முக்காலியில் ஏறி, 'து'வின்மேல் ஒட்டினார்.

பொதி அன்றிரவே வெள்ளவத்தையிற் பேருந்தேறியது. மறுநாள் முதலாம் பாடவேளைக்கு முன், மைத்துனர் தொலைபேசியில் அழைத்தார். ஒரு சொல்லும் பேசவில்லை. இயந்திரம் ஓடும் ஓசை மட்டுங் கேட்டது. அந்த வாரமே காப்புகள் மீட்கப்பட்டன. இப்போது அவ்வழியாற் போகும்போதெல்லாம் கடைச் சுவரைப் பார்க்கிறேன். நாடா இன்னும் உரியவில்லை.