நான் நடத்தாமல் விட்ட பாடம்

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியலில் மனித இனப்பெருக்கம் என்று ஒரு பாடம் உண்டு. பெண்கள் பள்ளியில் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பாடத்தை நான் ஒருமுறைகூட ஒழுங்காக நடத்தியதில்லை. மாதவிடாய்ச் சுழற்சியின் படத்தைப் பலகையில் வரைவேன். அடியில் 1 முதல் 28 வரை எண்கள். நடுவில் ஒரு கோடு இழுத்து, ‘14ஆம் நாள் – அண்டம் விடுபடுதல்’ என்று எழுதி, சிவப்பு சாக்பீஸால் அடிக்கோடு போடுவேன். “ஐந்து மார்க் கேள்வி. படத்தோட எழுதிப் பழகுங்க. மீதியை வீட்டுல படிச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

நேரம் இல்லை என்று சொல்ல முடியாது. மெண்டலின் பட்டாணிச் செடிக்காக மாலையில் தனி வகுப்பு வைத்தவள் நான். கூச்சம்தான் காரணம். கூச்சத்துக்குள் ஒரு பயமும் இருந்தது. ‘அந்த டீச்சர் பிள்ளைங்களுக்கு என்னத்தைச் சொல்லிக் கொடுக்குது’ என்று யாராவது பெற்றோர் வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம். அப்படி யாரும் வந்ததில்லை. வருவார்கள் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

ஒரு வருடம் ஒரு பெண் எழுந்து கேட்டாள். “டீச்சர், எனக்கெல்லாம் நாப்பது நாளைக்கு ஒரு தடவைதான் வருது. எனக்கும் 14ஆம் நாளா?” வகுப்பு சிரித்தது. “பரீட்சையில 28 நாள்தான் கேப்பாங்க. உக்காரு” என்றேன்.

பதில் தெரியாமல் அப்படிச் சொல்லியிருந்தால் மன்னிக்கலாம். எனக்குத் தெரியும். முதுகலையில் படித்தது மட்டுமல்ல, என் உடம்பிலும் அறிந்தது. கல்யாணமாகிக் குழந்தை தள்ளிப்போனபோது, நான் பார்த்த டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு விளக்கினார். “முன்னாலிருந்து எண்ணாதே, அடுத்த மாதவிடாயிலிருந்து பின்னால் எண்ணு. பச்சை முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழவழப்பாகப் படும் நாட்களைக் கவனி” என்றார். என் மகள் அதற்குப் பிறகு பிறந்தவள். எனக்கு ஒருத்தர் தயங்காமல் கொடுத்ததை நான் என் மாணவிகளுக்குக் கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான். சுழற்சியில் இரண்டு பாதி. கருமுட்டை முதிரும் முற்பாதி ஆளுக்கு ஆள் நீளும், சுருங்கும்; ஒரே பெண்ணுக்கே மாதத்துக்கு மாதம் மாறும். முட்டை வெளியேறிய பிறகு வரும் பிற்பாதி அவ்வளவாக மாறாது, ஏறக்குறைய 14 நாள். ஜப்பானில் நீகாட்டா நகரத்து மகப்பேறு மருத்துவர் ஒகினோ கியூசாகு 1924இலேயே இதை எழுதிவிட்டார். அறுவைச் சிகிச்சையின்போது சூலகத்தை நேரில் பார்த்துக் குறித்துவைத்து, அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன்னால்தான் முட்டை வெளியேறுகிறது என்று கண்டவர் அவர். ஆகவே 28 நாள்காரிக்கு 14ஆம் நாள் வாக்கில் என்றால், 40 நாள்காரிக்கு 26ஆம் நாள் வாக்கில். பாடப் புத்தகம் 28 நாள் சுழற்சிக்கு என்று சரியாகத்தான் போட்டிருக்கிறது. அந்த 28ஐ விட்டுவிட்டு 14ஐ மட்டும் பிள்ளைகள் மனதில் பதிய வைத்தது நான்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவி ஒருத்தி தம்பி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தாள். கேள்வி கேட்டு நான் உட்கார வைத்த பெண் அல்ல, வேறொரு வருடத்துப் பெண். அவள் சம்மதித்த அளவுக்கு மட்டும் இங்கே எழுதுகிறேன். எல்லாரையும் போல நானும், “எத்தனை பிள்ளைங்கம்மா?” என்று கேட்டுவிட்டேன். இன்னும் இல்லை என்றாள். பிறகு அவளாகவே சொன்னாள்: “நீங்க சொல்லிக் கொடுத்த கணக்குதான் டீச்சர். 14ஆம் நாள் தவறக் கூடாதுன்னு அவரைத் திருப்பூர்லருந்து வரச் சொல்லிருவேன். லீவு போட்டா சம்பளத்துல பிடிப்பாங்க. அப்படியும் ராத்திரி பஸ் பிடிச்சு வந்துருவாரு.”

“உனக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரும்?”

“நாப்பது நாள் ஆகும் டீச்சர். சமயத்துல அதுக்கும் மேல போகும்.”

மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். 26. அவர் வந்துபோன நாளுக்கும் முட்டை வெளிவரும் நாளுக்கும் நடுவே ஒன்றரை வாரத்துக்கு மேல் இடைவெளி. விந்தணு பெண்ணுடலில் அதிகம் போனால் ஐந்து நாள் உயிரோடு இருக்கும். அந்த மனிதர் கூலியை இழந்து, கண்விழித்துப் பயணம் செய்து, ஒவ்வொரு முறையும் தவறான நாளில் வந்து போயிருக்கிறார். என் சிவப்புக் கோட்டை நம்பி.

அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். “கடவுள் கண்ணைத் திறப்பாரும்மா, நல்ல டாக்டராப் பாரு” என்று சொல்லிக் காபி கொடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொன்னால் என் தவறையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘டீச்சர், டீச்சர்’ என்று அத்தனை மரியாதையோடு உட்கார்ந்திருந்தவள் முன்னால் அதைச் சொல்ல மனம் வரவில்லை. வகுப்பறையில் செய்ததைவிட இதுதான் பெரிய தவறு என்று நினைக்கிறேன். அங்கே விளைவு என் கண்ணில் படவில்லை. இங்கே அது எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

சில நாள் கழித்து போன் செய்து சொன்னேன். “உனக்கு 14ஆம் நாள் கணக்கு பொருந்தாதும்மா. நான் சரியாச் சொல்லிக் கொடுக்கல.” அவள் கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?” என்றாள்.

வெள்ளைக்கரு போல வழுக்கிக்கொண்டு, விரலிடையில் வைத்து இழுத்தால் அறுந்துபோகாமல் நீளும் கசிவைப் பற்றி முதலில் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள். அப்படி வரும். அதை வெள்ளைப்படுதல் என்றும் உடம்புச் சூடு என்றும் மாமியார் சொல்லி, அந்த நாட்களில் ஊறவைத்த வெந்தயமும் பார்லிக் கஞ்சியும் குடித்துவந்திருக்கிறாள். சூடு தணியட்டும் என்று கணவரை ஊருக்கு வர வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறாள். அதைக் கேட்டபோது போனைப் பிடித்திருந்த கை தளர்ந்துவிட்டது. உடம்பு ‘இப்போதுதான்’ என்று சொன்ன நாட்களையே நோய் என்று ஒதுக்கியிருக்கிறாள். மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கவென்றே சம்பளம் வாங்கியவள் நான்.

முட்டை முதிர முதிர ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. அதனால் கருப்பை வாய்ச் சளி நீர்த்துத் தெளிகிறது. மற்ற நாட்களில் கெட்டியாக நின்று விந்தணுவைத் தடுக்கும் அதே சளி, இந்தச் சில நாட்கள் மட்டும் வழிவிட்டு, அது நீந்திச் செல்லவும் உயிரோடிருக்கவும் உதவுகிறது. முட்டை வெளியேறியதும் மறுபடி கெட்டியாகிவிடும். ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் மருத்துவர் ஜான் பில்லிங்ஸ் 1950களில் பெண்களைக் கேட்டுக் கேட்டு இந்த மாற்றத்தைத் தொகுத்தார். பிறகு அவர் மனைவி ஈவ்லினும் சேர்ந்துகொண்டார். இதைக் கவனிக்கக் காசு வேண்டாம், கருவி வேண்டாம். அரிப்பு, துர்நாற்றம், தயிர்த் திப்பி போன்ற படிவு, பச்சை மஞ்சள் நிறம் இருந்தால்தான் அது நோய், டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மெடிக்கலில் கிடைக்கும் ஓவுலேஷன் கிட் பற்றிக் கேட்டாள். சிறுநீரில் எல்ஹெச் ஹார்மோன் திடீரென்று எகிறுவதை அது காட்டும். அதிலிருந்து ஒன்று, ஒன்றரை நாளில் முட்டை வெளிவரும். ஆனால் பிசிஓடி எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள பெண்களுக்கு அந்த ஹார்மோன் சாதாரண நாட்களிலேயே தூக்கலாக இருக்கலாம் என்பதால், முட்டை வராமலே கோடு அழுத்தமாக விழுந்து ஏமாற்றும். காலையில் எழுந்ததும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கும் முறையும் உண்டு. முட்டை வெளியேறிய பிறகு உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸுக்கும் குறைவாகச் சற்றே ஏறி, அடுத்த மாதவிடாய்வரை அப்படியே நிற்கும். அது நடந்து முடிந்ததைத்தான் சொல்லும். அந்த மாதத்துக்கு உதவாது, போக்கைப் புரிந்துகொள்ள உதவும்.

அவளுக்கு நான் அழுத்திச் சொன்னது வேறு. ஒரு நாளைக் குறிவைத்து ஓடாதே என்றேன். 1995இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஆலன் வில்காக்ஸ் குழுவினர், குழந்தைக்கு முயன்றுகொண்டிருந்த 221 பெண்களைத் தொடர்ந்து ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை ஒன்று இருக்கிறது. முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாளுமாக ஆறு நாட்களுக்குள் சேர்ந்திருந்தால் மட்டுமே கரு உண்டானது. மறுநாள் என்றால் தாமதம். முட்டையின் ஆயுள் ஒரு நாள்தான். ஆகவே முட்டை வருவதற்கு முன்பே விந்தணு போய்க் காத்திருக்க வேண்டும். அதே குழு 2000இல் இன்னொன்றும் காட்டியது: 10ஆம் நாளுக்கும் 17ஆம் நாளுக்கும் நடுவிலேயே இந்த ஆறு நாட்களும் முழுசாக அடங்கிவிடுவது பத்தில் மூன்று பெண்களுக்குத்தான். இந்தக் கட்டுரைகள் வந்த காலத்திலும் நான் பலகையில் 14 என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

எங்கள் பள்ளித் தமிழாசிரியை ஒருமுறை சொன்னது நினைவுக்கு வருகிறது. பூப்புக்குப் பிந்தைய பன்னிரண்டு நாட்கள் கணவன் மனைவியைப் பிரிந்திருப்பது முறையல்ல என்று தொல்காப்பியக் கற்பியலில் இருக்கிறதாம். பரத்தையிடம் போனவனுக்குச் சொன்ன விதி அது; கணக்கும் இன்றைய அறிவியலோடு அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் ஒற்றை நாளைச் சொல்லாமல் பல நாட்களைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறது.

“அவரை அலையவிடாதே. வழவழப்பு தெரிய ஆரம்பிச்சதும் நீ திருப்பூருக்குப் போய் ஒரு வாரம் பத்து நாள் தங்கு. தினமும் முடியலைன்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்து இருங்க, அது போதும்” என்றேன். சேர்த்துவைத்தால் வீரியம் கூடும் என்று நாள்கணக்கில் விலகியிருப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் பலன் இல்லை. சேர்ந்திருந்த பிறகு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வெகுநேரம் படுத்திருக்க வேண்டும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது.

14ஐ அழித்துவிட்டு அந்த இடத்தில் 26 என்று எழுதினால் மறுபடி அதே தவறைச் செய்தவள் ஆவேன். 35 நாளைத் தாண்டித் தாண்டி வருவதே விசாரிக்க வேண்டிய விஷயம். சில மாதங்களில் முட்டையே வெளியேறாமல் இருக்கலாம். தைராய்டு, புரோலாக்டின், பிசிஓடி பார்க்க வேண்டும்; ஸ்கேனில் முட்டை வளர்வதையும் வெடிப்பதையும் நாள்வாரியாகப் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருக்கும் தம்பதிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில், ஐந்தில் ஒன்றுதான். அதனால்தான் 35 வயதுக்குக் கீழே ஒரு வருடமும், அதற்கு மேல் ஆறு மாதமும் முயன்று பார்த்துவிட்டு வரச் சொல்கிறார்கள். மாதவிடாய் ஒழுங்காக வராதவர்கள் அந்தக் கெடுவுக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. வகுப்பில் எழுந்து நின்ற அந்தப் பெண்ணிடம், “ஒருமுறை டாக்டரிடம் காட்டிக்கோம்மா” என்றாவது சொல்லியிருக்கலாம். குழந்தைக்கு முயலும் பெண்ணுக்கு ஃபோலிக் அமில மாத்திரை தினம் 400 மைக்ரோகிராம், கரு தங்குவதற்கு முன்பிருந்தே வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருவான நாலு வாரத்துக்குள், பல பெண்கள் நாள் தள்ளியதைக் கவனிக்கும் சமயத்திலேயே மூடிவிடுகிறது.

பத்திரிகை வைக்க வந்தவள் டாக்டரிடம் போனாள். அதன்பின் நடந்தது அவளுடைய கதை, அதை நான் சொல்வதற்கில்லை.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் தரப்பிலும் ஏதாவது குறை இருக்கும். “உன் வீட்டுக்காரரையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா” என்றேன். “நான் சொன்னா கோவப்படுவாரு டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்க பேச்சைத் தட்ட மாட்டாரு” என்றாள். சரி என்றேன். கல்யாணத்தில் அவரைப் பார்த்தேன். “வாங்க டீச்சர்” என்று அழைத்துப் பந்தியில் உட்கார வைத்து, பக்கத்திலேயே நின்று இலையைப் பார்த்துப் பார்த்துக் கவனித்தார். தனியாகப் பேச இடமும் இருந்தது, நேரமும் இருந்தது. மொய் எழுதிவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். ஓர் ஆண்பிள்ளையிடம் அதைப் பேச இந்த வயதிலும் எனக்கு நா எழவில்லை.

அதை இங்கே எழுதுகிறேன். தம்பி, விந்துப் பரிசோதனைக்கு ஊசி கிடையாது, வலி கிடையாது. இரண்டு நாளுக்குக் குறையாமலும் ஏழு நாளுக்கு மேற்படாமலும் விலகியிருந்துவிட்டு, லேபில் கொடுக்கும் டப்பாவில் மாதிரி கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணிக்கை, அசைவு, வடிவம் மூன்றையும் பார்ப்பார்கள். உங்கள் மனைவிக்குப் போடும் ஊசியையும் ஸ்கேனையும்விட இது எவ்வளவோ சுலபம், செலவும் குறைவு. இதை முதலில் செய்யாமல் அவளை மட்டும் அலையவிடுவது நியாயமில்லை. சிகரெட், பாக்கு, குடி இருந்தால் இன்றே விடுங்கள். ஒரு விந்தணு உருவாகி முடிய இரண்டரை மாதம் ஆவதால், பலன் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கும். முதல் ரிசல்ட் சரியில்லை என்றாலும் பதற வேண்டாம். காய்ச்சல் வந்து போயிருந்தால்கூட எண்ணிக்கை குறைந்திருக்கும். கொஞ்ச நாள் விட்டு இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பார்கள். ஒரே ஒரு தாளை வைத்து எந்த டாக்டரும் முடிவு கட்ட மாட்டார்.