மலையில்லா ஊரும் மலையோட்டமும்

ஓர் ஊரின் இயல்பை அறிய அதன் வீதியில் நடந்து பார்க்க வேண்டும் என்பர். ஓடிப் பார்த்தால் இன்னும் நன்றாய் அறியலாம் என்பது எனது துணிபு. கண்ணுக்குப் புலப்படாத மேடும் பள்ளமும் காலுக்குப் புலப்படும்.

அவ்வாறு எங்கள் கோப்பாயை அளந்து பார்த்தால் கிடைக்கும் விடை ஒன்றே: மேடு இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி நல்லூரையும் கல்வியங்காட்டையும் இருபாலையையும் கடந்து கோப்பாய்க்கு வருகின்றது. பின்னர் நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர் என வடகிழக்கே நீள்கின்றது. இருமருங்கும் செம்மண் தோட்டங்கள், நீர்வேலியை அண்டினால் வாழைகள், இடையிடையே பனைவடலிகள். குடாநாட்டில் மலை என்னும் பெயர் தாங்கிய கீரிமலையிலும் நாம் காண்பது கேணியும் கடலுமேயன்றி மலையன்று. பிறநாட்டு மன்னர் குன்றின் உச்சியிற் கோட்டை கட்டினர். எங்கள் அரசர்க்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 1560ஆம் ஆண்டிற் போர்த்துக்கேயர் நல்லூரைத் தாக்கியபோது சங்கிலி மன்னன் பின்வாங்கிச் சென்ற கோப்பாய்க் கோட்டையும் சமதரையிலேயே நின்றது.

உயரம் இல்லாத இந்நாட்டில் ஆழம் உண்டு. புத்தூருக்கு அணித்தான நவக்கிரியிலுள்ள நிலாவரைக் கிணற்றைப் பார்த்த மாணவர்க்கு இது விளங்கும். சுண்ணக்கல் கரைந்து உண்டான அப்பெருங்குழியில் மேலே நன்னீரும் அடியில் உவர்நீரும் நிற்கின்றன. ஆயினும் ஆழம் ஓடுபவனுக்கு உதவாது. அவன் ஏறிப் பழக ஒரு சிறு குன்றாவது வேண்டும். அக்குன்று இல்லாத ஊரிலிருந்து ஒருவன் மலையில் நடைபெறும் அரை மரதன் ஓட்டத்துக்குச் செல்ல நினைத்தால் என் செய்வது?

மரதன் ஓட்டத்தின் நீளம் 42.195 கிலோமீற்றர். 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் விழாவில் ஓடப்பட்ட இத்தூரம் 1921இல் உலகுக்கெல்லாம் பொதுவான அளவாயிற்று. அதிற் பாதி 21 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். பழைய கணக்கிற் பதின்மூன்று மைல். கோப்பாய்ச் சந்தியிலிருந்து அத்தனை தூரம் வடகிழக்கே ஓடினால் வல்லைவெளியையும் கடந்து வடமராட்சிக்குள் நுழைந்துவிடலாம். பயிற்சி பெற்ற வீரர் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாக ஓடி முடிப்பர். கல்லூரியிற் கற்பித்துவிட்டு எஞ்சிய பொழுதில் ஓடும் என் போன்றோர்க்கு இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும்.

எங்கள் ஊர் மலைக்குப் பதிலாக ஒன்றை வைத்திருக்கின்றது. அதுதான் சோளகக் காற்று. வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வீசும் இக்காற்றை யாழ்ப்பாணத்தார்க்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அதிகாலையிற் கோப்பாயிலிருந்து புத்தூரை நோக்கி ஓடும்போது அது முதுகிற் கைவைத்துத் தள்ளும். திரும்பும்போது முகத்துக்கு நேரே நின்று மறிக்கும். அடி சுருங்கும், மூச்சு விரையும், வழக்கமான வேகத்தைப் பிடிக்க முயன்றாற் கால் சோர்ந்துவிடும். ஏற்றத்தில் உடம்பு படும் பாட்டுக்கு இது பெரிதும் ஒப்பானது. ஆகவே இரண்டு சோளகப் பருவங்கள் அக்காற்றுக்கு எதிராக ஓடிப் பழகினேன்.

ஒருநாள் விடியற்காலையில் நீர்வேலிப் பக்கத்துத் தோட்டத்தில் நீர் பாய்ச்சிக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் மண்வெட்டியை ஊன்றி நின்று என்னைக் கேட்டார்:

“என்ன மாஸ்டர், ஆரும் துரத்துகினமோ?”

“ஒருத்தரும் இல்லை ஐயா. மலையொண்டிலை ஓடப் போறன், அதுக்குத்தான் பழகுறன்.”

“ஒருத்தரும் துரத்தாமல் ஓடுறது நல்லதுதான்” என்று கூறிவிட்டு அவர் மீண்டும் வாய்க்காலுக்குத் திரும்பினார்.

அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை. எங்கள் தலைமுறையினர் இவ்வீதிகளில் விரைந்து சென்ற காலங்களிற் பெரும்பாலும் பின்னால் ஏதோ ஒன்று துரத்தியது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். மழையில், செம்மணி வெளியூடாக, நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடிமேல் அடிவைத்து நகர்ந்த அக்கூட்டத்திற் பதின்மூன்று வயதுச் சிறுவனாய் நானும் இருந்தேன். அன்று கடந்த தூரம் அரை மரதனுக்குக் குறைவானதே; கடக்க ஓர் இரவு முழுவதும் போதவில்லை. அதன் பின்னரும் ஊரடங்கும் சோதனைச் சாவடிகளும் இருந்த ஆண்டுகளில் விடியுமுன் வீதியில் ஓடுவது எவரும் எண்ணிப் பார்க்காத செயல். இன்று ஒருவன் தன் விருப்பப்படி, தான் குறித்த நேரத்தில், தான் குறித்த தூரம் ஓடித் தன் வீட்டுக்கே திரும்பி வரலாம். இதன் அருமையை அம்முதியவர் அறிவார்.

நான் தேர்ந்த மலை இந்தியாவின் மகாராட்டிரத்திலுள்ள சதாரா. அங்கே 2012ஆம் ஆண்டு தொடங்கிய மலை அரை மரதன், 2015இல், ஒரே மலையில் மிக அதிகமானோர் ஓடிய ஓட்டமெனக் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. 2023 செப்டெம்பரிற் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்திலும், அங்கிருந்து பூனாவுக்குப் புகைவண்டியிலும், பின்னர் பேருந்திலுமாகச் சதாரா சென்றடைந்தேன்.

தமிழர்க்கு முற்றிலும் அந்நியமான ஊரன்று அது. சிவாஜியின் பேரன் சாகு அரசாண்ட தலைநகர் அது; தஞ்சையை ஆண்ட மராத்திய மன்னர் அதே குலத்தின் மற்றொரு கிளையினர். நகருக்கு மேலே அஜிங்கியதாரா என்னும் மலைக்கோட்டை நிற்கின்றது. அதனை அண்ணாந்து பார்த்தபோது சமதரையில் நின்ற எங்கள் கோப்பாய்க் கோட்டை நினைவுக்கு வந்தது. அந்நகரமே கடல்மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கும் மேலே உள்ளது. ஓட்டமோ அங்கிருந்து இன்னும் மேலே செல்வது.

காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. முதலில் நகர வீதிகள். பின்னர் யவதேசுவரத்துக்கு வளைந்து வளைந்து ஏறும் மலைவீதி. ஒரு பக்கம் எரிமலைக் குழம்பு ஆறி இறுகிய கரும்பாறை; மறுபக்கம் பள்ளத்தாக்கும் முகிலும். ஊரவர் வீட்டு வாயில்களில் நின்று “பளா, பளா” என ஊக்கினர். மராத்தியில் “ஓடு, ஓடு” என்பது அதன் பொருள். அவ்வீதி மேலும் சென்று காஸ் என்னும் மேட்டுநிலத்தை அடைகின்றது. 2012இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் அதுவும் ஒன்று. மழை தணியும் அக்காலத்திற் செம்பூராங்கல் நிலம் முழுவதும் சிறு பூக்கள் விரியும். ஓட்டம் அவ்வளவு தூரம் செல்வதில்லை. இடையிலே திரும்பி வந்த வழியே இறங்குகின்றது.

ஏற்றத்திற் சோளகம் கற்பித்த பாடம் கைகொடுத்தது. மலையில் வேகத்தை மாறாமல் வைத்திருக்க முயல்வது வீண். மூச்சை மாறாமல் வைத்திருக்க வேண்டும். அடியைச் சுருக்கி, உடலைச் சற்றே முன்சாய்த்து, மூச்சு விரையும்போது நடந்து, தணியும்போது மீண்டும் ஓடினேன். தொடக்கத்தில் என்னை விரைந்து கடந்து சென்ற இளைஞர் சிலர் நான்காம் வளைவில் இடுப்பிற் கைவைத்து நின்றனர்.

இறக்கத்துக்கு எங்கள் ஊரில் உவமை இல்லை. இறங்குவது எளிது என்றே எவரும் எண்ணுவர். மூச்சுக்கு அது எளிதுதான். ஆனால் இறங்கும் ஒவ்வோர் அடியிலும் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்க வேண்டியிருக்கின்றது. சுருங்கி உழைப்பதைவிட நீண்டு உழைப்பதே தசையின் நுண்ணிழைகளை மிகுதியும் சிதைக்கும். அதன் நோவு உடனே தெரியாது. மறுநாளும் அதற்கடுத்த நாளுமே வெளிப்படும். கோப்பாயில் இதற்கெனக் கல்லூரி மாடிப்படியில் மாலைதோறும் இறங்கிப் பழகியிருந்தேன். இருபது படிகள் ஒரு மலைக்கு ஈடாகுமா? இரண்டு மணி நாற்பத்தொன்பது நிமிடத்தில் ஓட்டத்தை முடித்தேன். அடுத்த இரு நாளும் படி கண்ட இடத்திற் கைப்பிடியைத் தேடினேன்.

இந்த நேரத்தைக் கேட்டு மாணவர் சிலர் சிரிக்கக்கூடும். அவர்க்கு டோக்கியோ தேசிய விளையாட்டரங்கைப் பற்றிக் கூற விரும்புகிறேன். 1958ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்து மைந்தர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அங்கேதான் உயரம் பாய்தலில் வென்று இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கப் பதக்கத்தைப் பெற்றுத் தந்தார். மேடில்லா நாட்டவர் உயரத்தில் வென்றது எத்துணைச் சிறப்பு! ஆறு ஆண்டுகள் கழித்து, 1964 ஒலிம்பிக் விழாவில், அதே அரங்கிற் பத்தாயிரம் மீற்றர் ஓடிய இலங்கையர் றணதுங்க கருணானந்த கடைசியானார். ஏனையோர் முடித்த பின்னும் அவர் தன்னந்தனியே எஞ்சிய சுற்றுக்களை ஓடி முடித்தார். முதலில் நகைத்த கூட்டம் இறுதியில் எழுந்து ஆரவாரித்தது. யப்பானியர் அவரது கதையைத் தம் பிள்ளைகளின் பாடநூலிற் சேர்த்தனர்.

ஒரே அரங்கில் முதல்வராய் வந்தவரும் கடைசியாய் வந்தவரும் நம் நாட்டவரே. முதலிடம் சிலர்க்கே வாய்க்கும். தொடங்கியதை முடிப்பது எல்லார்க்கும் இயலும். பெற்றோர் தம் பிள்ளைகளை விடியற்காலையில் ஒரு மைல் தூரம் ஓட விடட்டும். இயலுமாயின் தாமும் உடன் செல்லட்டும். முதல் மாதம் நடையும் ஓட்டமும் கலந்திருக்கட்டும். மூச்சு வாங்காமற் பேசக்கூடிய வேகமே தொடக்கத்துக்கு ஏற்றது. மலை இல்லையே என்ற கவலை வேண்டாம். அடுத்த வைகாசியிற் சோளகம் வந்துவிடும்.