மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி என்ன இருக்கு?

வீட்டைப் புதுப்பிக்கிறோம் என்று சொன்னால் போதும், டைல்ஸ் என்ன கலர், மாடுலர் கிச்சனா, பாத்ரூமில் வெஸ்டர்னா என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. கரண்ட் பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்று இதுவரை ஒருவர்கூட என்னிடம் கேட்டதில்லை. ஆனால், மன்னார்குடி வீட்டு மராமத்தில் எங்களை அதிகம் சண்டை போட வைத்தது அந்தப் பெட்டிதான்.

மாமனார் 1974-ல் கட்டிய வீடு. மாடியில் இரண்டு அறைகளைப் பிற்பாடு சேர்த்தார். அவர் போன பிறகு கீழே அத்தை மட்டும்தான். வயது 78. என் கணவர் ரிட்டயர் ஆனதும் தாம்பரத்தைக் காலி செய்துவிட்டு, மாடியைச் சரிபண்ணிக்கொண்டு அத்தையோடு வந்துவிடுவது என்று முடிவெடுத்தோம். மாடிக்கு ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, வாஷிங் மெஷின் என்று பட்டியல் நீண்டது.

எலெக்ட்ரீஷியனாக வந்தவர் அறுபதைத் தாண்டிய மனிதர். கூட ஒரு உதவியாள் பையன். பெரியவர் அதிகம் பேசவில்லை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, வெள்ளையடிக்கப்போகிற சுவரிலேயே கணக்குப் போட்டார். கீசர் 2,000 வாட். அதை 230-ஆல் வகுத்தால் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைச்சல். இண்டக்‌ஷனும் அதே அளவு. ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர் இழுக்கும். காலை ஏழு மணிக்கு மூன்றும் ஒன்றாக ஓடினால் 25-ஐத் தொட்டுவிடும்.

"மாடிக்குப் போறது ஒத்தை வயரும்மா. லைட்டு, ஃபேனுக்குன்னு போட்டது. இதுல இத்தனையும் மாட்டினா சுவத்துக்குள்ளேயே வெந்துரும்."

கீழே நடையில் இருந்த பீங்கான் ஃபியூஸைப் பிடுங்கிக் காட்டினார். மெல்லிசாக ஒரு ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில், செம்பு இழைகளை நாலைந்தாக முறுக்கிச் சொருகியிருந்தது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதென்று எப்போதோ யாரோ செய்த கைங்கரியம். லோடு கூடினால் முதலில் உருக வேண்டியது ஃபியூஸ். இந்த வீட்டில் அது கடைசி வரைக்கும் கெட்டியாக நிற்கும். சுவருக்குள் இருக்கும் வயர்தான் முதலில் போகும்.

அவர் சொன்ன வழி, மாடிக்கென்று தனியாக ஒரு டி.பி. பாக்ஸ். கீழ்ப் பெட்டியிலிருந்து 10 ஸ்கொயர் எம்.எம். வயரில் நேராக மாடிக்கு ஒரு லைன். கிளம்புகிற இடத்தில் 32 ஆம்பியர் எம்.சி.பி. மாடிப் பெட்டியில் லைட்டுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று, ஏசிக்கு, கீசருக்கு, அடுப்புக்கு என்று தனித்தனி எம்.சி.பி. கீசரில் கோளாறு என்றால் கீசர் மட்டும் அணையும், வீடே இருட்டாகாது.

பக்கத்து வீட்டுக்காரர் வேறு யோசனை சொன்னார். "மாடிக்குத் தனி சர்வீஸ் வாங்கிடுங்க. ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட் இலவசம் இன்னொண்ணு கிடைக்குமே!" அத்தை காதில் விழுந்துவிட்டது. "ஒரே அடுப்புல சாப்பிடப்போறோம், எதுக்கு ரெண்டு மீட்டர்? எம்புள்ளை என்ன பாகம் பிரிச்சுக்கிட்டா வர்றான்?" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

வேலை ஆரம்பித்த இரண்டாவது நாள். பெரியவர் சமையலறைப் பக்கம் வயர் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தார். எப்போதும்போல் மனைப்பலகையைத் தரையில் போட்டு அதன் மேல் நின்றுகொண்டு.

"எதுக்குப் பெரியம்மா பலகை?" என்றார் அவர்.

"தரையில நின்னா சுள்ளுங்குதுப்பா. பலகைமேல நின்னா ஒண்ணும் தெரியாது."

"எத்தனை நாளா?"

"அது ஆச்சு, ஏழெட்டு வருஷம்."

ஈரத்தரை காலுக்குச் சில்லென்றிருக்கும், அதற்காகத்தான் பலகை என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். அத்தையும் புகாராக ஒரு நாளும் சொன்னதில்லை. 'சுள்' என்பது அவருக்குக் கிரைண்டரின் சுபாவம், அவ்வளவுதான். பலகை போடுகிற அன்றைக்கெல்லாம் சரி. மறந்து, ஈரக் காலோடு, ஈரக் கையால் தொட்டிருந்தால்?

பெரியவர் பிளக் பாயின்ட்டைக் கழற்றினார். மூன்று துளை இருந்தது. மூன்றாவதற்குப் பின்னால் ஒரு வயரும் கிடையாது. "மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு யாரும் பாக்கறதில்லைம்மா" என்றார். வீட்டுக்கு எர்த்தே இல்லை. மூன்று பின் பிளக்கைச் சொருக ஒரு சாக்கெட் வேண்டுமே என்று யாரோ மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

அன்று சாயங்காலம்தான் பெரிய சண்டை. கணவர் மாடிக்கு மட்டும் பட்ஜெட் போட்டிருந்தார். "கீழே எல்லாம் ஓடிக்கிட்டுதானே இருக்கு? அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். பெரியவர் டூல்ஸ் பையை மூடிவிட்டார். "எர்த் இல்லாம மேல பெட்டி மாட்டிட்டுப் போக நான் ஆள் இல்லை சார்."

ஆர்.சி.சி.பி. போட்டால் போதாதா என்று நான் கேட்டேன். அந்தப் பெயரை அதற்கு முன்தினம்தான் தெரிந்துகொண்டிருந்தேன். அவர் பொறுமையாக விளக்கினார். பேஸில் போகிற கரண்ட்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்ட்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வழியில் வேறெங்கோ கசிந்தால் உடனே அணைத்துவிடும். எர்த் இருந்தால், கிரைண்டரின் உடம்பில் ஏறுகிற கரண்ட் எர்த் வழியாக இறங்கும்போதே அது விழுந்துவிடும். எர்த் இல்லாவிட்டாலும் விழும்தான், ஆனால் ஒரு ஆள் தொட்ட பிறகு. அந்த ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. மாடி கிச்சனுக்கு வைத்திருந்த கிரானைட்டை ரத்து செய்து, கீழேயும் புதுப் பெட்டி, புது வயர், எர்த் என்று கணக்கைத் திருத்தினோம். அவருக்கு இரண்டு நாள் முகம் சரியில்லை. போகட்டும்.

கொல்லையில் எட்டடிக்குக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப்பை நட்டு, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி மூடினார்கள். கோடையில் அதன் வாயில் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று உத்தரவு. அத்தை பக்கத்திலேயே ஒரு கறிவேப்பிலைக் கன்று வைத்துவிட்டார், தண்ணீர் வீணாகக் கூடாதாம்.

மாடிப் பெட்டியில் நியூட்ரலுக்கு ஒரு பட்டை, எர்த்துக்கு ஒரு பட்டை. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. உதவியாள் பையன், "ரெண்டும் ஒண்ணுதானே, சேர்த்துடவா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான். சேர்த்துவிட்டால், என்றைக்காவது வெளியில் நியூட்ரல் அறுந்தால் வீட்டிலுள்ள இரும்புச் சாமான் அத்தனையிலும் கரண்ட் நிற்கும் என்று பெரியவர் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து குடிவந்தோம். முதல் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மாடி முழுக்க டக்கென்று போனது. மறுநாளும் அதே ஆறு மணி. அதற்கடுத்த நாள் மாடியோடு கீழேயும் சேர்ந்து போனது. ஆர்.சி.சி.பி.தான் விழுந்திருந்தது. "புதுப் பெட்டிக்குக் கண் பட்டுடுச்சு" என்று அத்தை எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டார். பக்கத்து வீட்டுக்காரர், "அதைத் தூக்கிட்டு டைரக்டா கொடுத்துடுங்க, எங்க வீட்டுல அப்படித்தான்" என்றார். கணவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடவே ஆரம்பித்துவிட்டார். பலகையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். தேடுவதை நிறுத்தினார்.

பெரியவர் வந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்வீர்கள் என்று மட்டும் கேட்டார். விளக்கேற்றுவோம், மாடிப்படி லைட்டைப் போடுவோம். மாடிப்படி! அந்த லைட்டுக்குப் பேஸ் மாடிப் பெட்டியிலிருந்தும், நியூட்ரல் கீழே பழைய வழியிலும் வந்துகொண்டிருந்தது. கரண்ட் மாடி வழியாகப் போய்க் கீழ் வழியாகத் திரும்பினால் இரண்டு ஆர்.சி.சி.பி.யுக்குமே அது கசிவுதான். 9 வாட் பல்புதான், ஆனாலும் அது இழுப்பது 40 மில்லி ஆம்பியர். 30-க்கே விழுகிற சாதனம் சும்மா இருக்குமா? மாடியிலிருந்தே நியூட்ரல் இழுத்ததும் தொல்லை தீர்ந்தது. அரை மணி நேர வேலை. அதற்குக் கூலி வேண்டாம் என்றார், அத்தைதான் பத்து இட்லி கட்டிக் கொடுத்தனுப்பினார்.

போகும்போது ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்று போட்ட சின்னப் பொத்தானைக் காட்டி, அவ்வப்போது அமுக்கிப் பார்க்கச் சொன்னார். அமுக்கினால் தானே அணைய வேண்டும். அணையாவிட்டால் அது கெட்டுவிட்டது என்று அர்த்தம். மாதாமாதம் எந்தத் தேதியில் என்று நாங்கள் யோசிப்பதற்குள், கீழ்ப் பெட்டிக்கு அத்தை பொறுப்பேற்றுக்கொண்டார். எம்.சி.பி. ஒவ்வொன்றுக்கும் கீழே தன் கையெழுத்தில் கிரைண்டர், பூஜை ரூம், கொல்லை லைட் என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அமாவாசைக்கு அமாவாசை, காக்காய்க்குச் சாதம் வைத்துவிட்டு வந்து பொத்தானை அமுக்குவார். டக். "வேலை செய்யுது!" என்று மாடிக்குக் குரல் வரும்.