பனிக்கடலில் மூன்றாம் வகுப்பு

"கிரீன்லாந்துக்கா? வீட்டை விற்றால்தான் முடியும்!" என்றாள் அம்மா.

நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். வீட்டை விற்கவில்லை, ஆறு வருஷம் கட்டிய சீட்டை எடுத்தேன். அந்தச் சீட்டு என் கல்யாணத்துக்கென்று அம்மா ஆரம்பித்தது என்பதை மட்டும் உங்கள் காதோடு சொல்லிவிடுகிறேன். நான் புறப்பட்ட அன்று அவள் வாசலுக்கு வரவில்லை.

போக ஆசையுள்ளவர்களுக்கு முதலில் ஓர் எச்சரிக்கை. கிரீன்லாந்து டென்மார்க் ராஜ்யத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் ஐரோப்பாவுக்கு வாங்கும் ஷெங்கன் விசா அங்கே செல்லாது. 'கிரீன்லாந்துக்கும் செல்லும்' என்று விசாவிலேயே எழுதி வாங்க வேண்டும். முன்பெல்லாம் கோபன்ஹேகனிலிருந்து போனால் காங்கர்லுசுவாக் என்ற பழைய அமெரிக்க விமானத் தளத்தில் இறங்கிச் சின்ன விமானம் மாற வேண்டும். 2024 நவம்பரில் தலைநகர் நூக்கில் பெரிய ஓடுபாதை திறந்தார்கள். இப்போது நேராக அங்கேயே இறங்கலாம்; ஒரு டிக்கெட் மிச்சம்!

அப்புறம்? ஊருக்கு ஊர் சாலையே கிடையாது அந்தத் தேசத்தில். ஆகாய மார்க்கம் அல்லது கடல் மார்க்கம்தான். ஏழைக்கேற்ற எள்ளுருண்டையாக 'சர்ஃபாக் இத்துக்' என்ற கப்பல் மேற்குக் கரையோரமாக ஓடுகிறது. தனி அறையும் உண்டு. எனக்குக் கட்டுப்படியானது பொதுக் கூடத்துப் படுக்கை. மறைப்புக்கு ஒரு திரை. நம் ரயிலின் இரண்டாம் வகுப்புப் படுக்கைதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். கரையில் தங்க மாலுமிகள் இல்லங்கள் இருக்கின்றன. மற்றவர்களுக்கும் இடம் தருகிறார்கள். எல்லாச் சாமானும் கப்பலில் வர வேண்டியிருப்பதால் சாப்பாடு யானை விலை. சமையலறையுள்ள விடுதியாகப் பாருங்கள். என் பெட்டியில் இருந்த புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் பாதிச் செலவைக் குறைத்தன.

நூக்கில் ஏறிய அன்று என் எதிர்ப் படுக்கையில் ஓர் இளம் பெண். மடியில் பத்து நாள் சிசு! சொந்த ஊர் காங்காமியுத். முந்நூறு பேர் போல வாழும் மீனவர் கிராமம். அங்கே பிரசவம் பார்க்க வசதியில்லை. வேளை வருவதற்குச் சில வாரம் முன்பே தனியாக நூக்குக்கு வந்து காத்திருந்தாளாம். தெரிந்த கொஞ்சம் ஆங்கிலத்தில், "என் அம்மா இன்னும் குழந்தையைப் பார்க்கவில்லை" என்றாள்.

தலைப்பிரசவம் என்றால் நாம் தாய் வீட்டுக்குப் போவோம். இவளோ தாய் வீட்டை விட்டுப் பிரசவத்துக்குப் போனவள்!

இரவு குழந்தை வீறிட்டது. கூடத்தில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரு கிழவி எழுந்து வாங்கித் தோளில் போட்டுத் தட்டினாள். அப்புறம் என் முறை. சிக்கன வழி கண்டுபிடித்துவிட்டதாக நான் பெருமைப்பட்டேனே, அது இவர்களுக்குத் தெரு. அதில் நான் விருந்தாளி. அதை உணர்ந்தபின் என் புகைப்படக் கருவி பெட்டிக்குள்ளேயே இருந்தது.

மறுநாள் பாறைகள்மேல் சிவப்பும் நீலமுமாக மரவீடுகள் தெரிந்தன. அவள், "குயானக்" என்று சொல்லி இறங்கினாள். 'நன்றி' என்று அர்த்தம். கரையில் ஒரு நடுத்தர வயது அம்மாள் இரு கைகளையும் நீட்டியபடி நின்றாள். யாரென்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதற்கடுத்த நாள் இலுலிசாத். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்த பனி முகத்துவாரம் அங்கேதான். மலை மலையாகப் பனிக்கட்டிகள் மிதந்தன. பார்த்துக்கொண்டே வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். பனிமலையை வர்ணித்தேன், அம்மா "உம்" கொட்டினாள். குழந்தையைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் சத்தமில்லை.

"பத்து நாள் சிசுவுக்கு அந்தக் குளிரா? தலைக்குத் துணி சுற்றியிருந்தாளோ, இல்லையோ?" என்றாள் அம்மா.

என் மேலிருந்த கோபம் தீர்ந்துவிட்டதென்று தெரிந்துகொண்டேன்.