பெயர் தெரியாதவர்

ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ‘பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 40’ என்று எழுதுவதைப் பார்த்தால் இளவயதில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒரு மனிதனை இப்படியா எழுதுவது என்று தோன்றும். இப்போது அந்த வரியின் மேல் எனக்குத் தனி மரியாதை.

கிழக்குக் கடற்கரைச் சாலை அகலமாவதற்கு முந்திய காலம். ஆரோவில்லில் மரம் நடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சாலையில் போகிறவை பெரும்பாலும் மரக்காணத்து உப்பு லாரிகள்தான். ஒருநாள் உப்பளத்தை ஒட்டி ஒருவர் கிடந்தார். தலையில் அடி, நினைவில்லை. வேன் ஓட்டிய அண்ணனும் நானும் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு புதுச்சேரிப் பக்கம் விரைந்தோம். வழியில் ஒரு தனியார் மருத்துவமனையில் “போலீஸ் கேஸுங்க, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க” என்று கையை விரித்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் பெயரைக் கேட்டார். பெயர் இல்லாவிட்டால் சேர்க்க மாட்டார்களோ என்ற பயத்தில் அண்ணன் சட்டென்று, “முருகன்னு எழுதிக்குங்க சார்” என்றார். அந்தச் சமயோசிதத்தை ஊரெல்லாம் சொல்லி மெச்சிக்கொண்டு திரிந்தவன் நான்!

ஆளைக் காணோம் என்று தேடிய வீட்டார் அதே ஆஸ்பத்திரிக்கு வந்து விசாரித்திருக்கிறார்கள். பதிவேட்டில் அவர்கள் சொன்ன பெயரும் இல்லை, பெயர் தெரியாதவர் என்றும் யாரும் இல்லை. அழுதுகொண்டே திரும்பிவிட்டார்கள். கடைசியில் முடிச்சை அவிழ்த்தவர் வார்டு ஆயா. உடம்பு துடைத்துவிடும்போது கையில் பச்சை குத்தியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, “இவரு முருகன் இல்லையே” என்று அங்கிருந்த போலீஸ்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். தகவல் புதுச்சேரி எல்லை தாண்டி மரக்காணம் வந்து சேர்ந்தது. அந்த அம்மாவுக்கு யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை.

அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைய நிலவரம் அப்படி. வேறோர் ஊரில் ஸ்கூட்டரில் போன ஒருவர் கார் மோதி விழுந்தார். பக்கத்து மருத்துவமனை, இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்க்க எங்களுக்கு அனுமதியில்லை என்று 20 கிலோமீட்டர் தள்ளி அனுப்பிவைத்தது. போகும் வழியிலேயே அவர் உயிர் போய்விட்டது. இதைப் பற்றி வந்த பத்திரிகைச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பரமானந்த் கட்டாரா என்ற மனித உரிமை ஆர்வலர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1989 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, முதலில் உயிரைக் காப்பாற்ற வேண்டும். போலீஸ் நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

அறுவைக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட உறவினர் இல்லையே என்றும் மருத்துவர் தயங்க வேண்டியதில்லை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் 92ஆம் பிரிவிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருந்தது: குதிரையிலிருந்து விழுந்து நினைவிழந்தவரின் மண்டையோட்டில் அறுவை செய்கிற மருத்துவர். நல்லெண்ணத்தோடு செய்தால் அது குற்றமாகாது. இன்று அதுவே பாரதிய நியாய சன்ஹிதாவில் 30ஆம் பிரிவு. குதிரைக்காரருக்குக் கிடைத்த நியாயம் உப்பளத்துக்காரருக்கு வந்து சேர ஏறக்குறைய 130 வருடமாயிற்று என்று எனக்குள் சொல்லிச் சிரித்துக்கொள்வேன்.

2021 டிசம்பர் 18 அன்று எங்கள் பக்கத்து மேல்மருவத்தூரில் ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலம், எந்த நாடு என்று பார்க்காமல், திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 50க்கும் மேற்பட்ட நாட்டுக்காரர்கள் வாழும் ஆரோவில்லுக்கு இது பெரிய ஆறுதல். அங்கே சிலரை ஆரோவில்லை நிறுவிய அன்னை வைத்த பெயரில்தான் ஊருக்குத் தெரியும். பாஸ்போர்ட்டில் இருப்பது வேறு. சட்டைப்பையில் சொந்தப் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்வேன். கிழவனின் தொல்லை என்று சிரிப்பார்கள், ஆனால் சிலர் எழுதி வைத்துக்கொள்ளவும் செய்கிறார்கள்.

உங்களுக்கும் சொல்கிறேன். சாலையோரம் யாராவது கிடந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். பெயர் கேட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, என்ன சட்டை, பக்கத்தில் செல்போனோ பையோ கிடந்ததா என்பதை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்; வீட்டார் வந்து சேர அது போதும். உங்கள் பெயரைச் சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது. 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது.