ஓடம் போன துறை: சில குறிப்புகள்

மகன் வீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தபோது ஒருநாள் என்னை ரைன் நதியில் படகேற்றினான். ரூடெஸ்ஹைமில் ஏறி கோப்லென்ஸில் இறங்கினோம். நாலு மணி நேரம் போல. நான் தா.பழூர்க்காரன், ஆறு என்றால் எனக்குக் கொள்ளிடம். கண் பார்த்தது ஒன்று, மனசு ஒப்பிட்டது ஒன்று. ஊருக்கு வந்து பழைய டைரியில் கிறுக்கியவை இவை.

*

ஊர்கள் நிற்கிற நிற்புதான் முதலில் கண்ணில் பட்டது. பாஹராக், காவ்ப், போப்பார்ட், எல்லாமே வாசலை ஆற்றைப் பார்த்து வைத்திருக்கின்றன. நம் ஊர்கள் கொள்ளிடத்துக்கு முதுகைக் காட்டுகின்றன. எங்களுக்கு ஆற்றைப் பார்க்க மதனத்தூர் வரை போகவேண்டும். அலட்சியம் இல்லை, பயம். முக்கொம்பில் காவிரி பிரியும் இடத்தில் மிஞ்சுகிற வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடத்தின் தலையில்தான் கட்டுகிறார்கள். வெள்ளத்தைக் கொள்ளும் இடம், அதனால் கொள்ளிடம் என்று பெரியவர்கள் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். அப்படிப்பட்ட ஆற்றோரம் யார் மாடி கட்டுவார்?

ரைனிலும் வெள்ளம் வரும். வந்தால் எந்த வருஷம் எதுவரை ஏறியது என்று வீட்டுச் சுவரில் கோடு போட்டு வைக்கிறார்கள். என் தலைக்கு மேலே ஒரு கோடு, அதற்கும் மேலே இன்னொன்று.

*

2018. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பில் கொள்ளிடத்தின் தலைப்பு மதகுகளில் ஒன்பதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அதே வருஷம் அக்டோபரில் ரைனில் காவ்ப் ஊரின் நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. (அது ஆழம் இல்லை, அளவுகோலின் கணக்கு. கப்பல் போகிற தடத்தில் அதைவிட ஒரு மீட்டர் போல கூடுதல் தண்ணீர் இருக்கும்.) சரக்குக் கப்பல்கள் பாதிப் பாரத்தைக்கூட ஏற்ற முடியாமல் தவித்தன. அதைப் படித்தபோது கொஞ்சம் ஆறுதல்தான். மணல் தட்டுவது நம் ஓடத்துக்கு மட்டும் வாய்த்த வரம் இல்லை.

*

காவ்புக்கு எதிரே ஆற்றின் நடுவில் கப்பல் மாதிரியே ஒரு வெள்ளைக் கோட்டை. 14ஆம் நூற்றாண்டில் கட்டியது. வேலை: போகிற வருகிற படகை மறித்துச் சுங்கம் வாங்குவது. எங்கள் பக்கம் ஓடத்துறையை ஏலம் எடுத்தவர் கீற்றுக் கொட்டகையில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்து பார்த்த வேலையும் அதேதான்.

*

பயணத்தில் என்னை அசத்தியது கோட்டையும் திராட்சைச் சரிவும் இல்லை. மைன்ஸைத் தாண்டினால் கோப்லென்ஸ் வரைக்கும், 80 கிலோமீட்டருக்கு மேல், ரைனுக்குக் குறுக்கே ஒரு பாலமும் கிடையாது. அக்கரைக்குப் போகிறவர்கள் காரோடு படகில் ஏறுகிறார்கள். பாலம் வேண்டும் என்று பல வருஷமாகப் பேச்சு. பள்ளத்தாக்கின் அழகு கெடும் என்று எதிர்ப்பு. 2002இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பகுதி வேறு. பத்து நிமிஷம் காத்திருந்தால் படகு வந்துவிடும், அவர்களால் அழகு பார்க்க முடிகிறது.

*

எங்கள் ஓடத்தில் அழகு பார்க்க நேரம் இருந்ததில்லை. கரையிலிருந்து தண்ணீர் வரைக்குமே மணலில் நெடுநடை. சித்திரை வெயிலில் செருப்பைக் கையில் எடுத்தால் கால் வேகும், போட்டால் மணலில் புதையும். தண்ணீர் ஓரத்தில் ஓடம். சைக்கிள்கள் குறுக்கே படுக்கும், அதன்மேல் பால் கேன், வாழைத்தார். ஓர் ஆட்டுக்குட்டி கட்டாயம் இருக்கும். ஓடக்காரர் மூங்கில் கழியை ஊன்றி, அதன்மேல் தன் முழுப் பாரத்தையும் சாய்த்து நெம்புவார். பாதியில் திட்டில் ஏறி நின்றுவிட்டால் ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளவேண்டும். ஆடியில் தண்ணீர் வரும், அதே ஆடியில்தான் அக்கரைக்குக் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குச் சீர்வரிசையும் போகும். பதினெட்டாம் பெருக்கு நெருங்கும்போது சீர்த்தட்டை மடியில் அணைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி கடந்த அத்தை ஒருத்தி எனக்கு இருந்தாள். கும்பகோணம் ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால் அணைக்கரை சுற்றித்தான் போகவேண்டும். மதனத்தூர்–நீலத்தநல்லூர் பாலம் வந்தபிறகு அந்தக் கதையெல்லாம் முடிந்தது.

ஓடம் போனதற்காக நான் அழமாட்டேன். படகுப் பயணத்தை ரசிக்க, கட்டாயம் கடக்கவேண்டிய அவசியம் இல்லாதவனாக இருக்கவேண்டும். ரைனில் நான் அப்படித்தான் இருந்தேன்.

*

அந்த அணைக்கரையில்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836இல் கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை கட்டினார். வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போவது அங்கிருந்துதான். அதே காட்டன் ரயிலைவிட வாய்க்காலும் படகும்தான் இந்தியாவுக்குச் சிக்கனம் என்று வெள்ளைக்கார அதிகாரிகளோடு கடைசிவரை மல்லுக்கட்டியவர். கோதாவரி டெல்டாவில் அவர் வாய்க்கால்களில் நெல் மூட்டையோடு படகு போனது. கொள்ளிடத்துக்கு அந்த யோகம் இல்லை. வருஷத்தில் சில மாதம் மட்டும் ஓடுகிற ஆற்றை நம்பி யார் படகு விடுவது?

ஆனாலும் தில்லி நம்பியிருக்கிறது. 2016ஆம் வருஷச் சட்டம் அறிவித்த 111 தேசிய நீர்வழிகளில் காவிரி–கொள்ளிடம் 55ஆம் எண். பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தேன். 55ஆம் எண் நீர்வழியில் நாணலும் நாலு மாடும்.

*

ரைனில் கிலோமீட்டருக்கு ஒரு பலகை, அதில் எண். எந்த வளைவில் இருக்கிறோம் என்று குழந்தைக்கும் தெரியும். நம் துறைகளின் பெயரே மறந்துகொண்டு வருகிறது. தூத்தூரிலிருந்து அணைக்கரை வரை எங்கெங்கே ஓடம் விட்டார்கள், ஆளுக்கு என்ன கூலி, சைக்கிளுக்கு என்ன, கடைசியாகக் கழி பிடித்தவர் யார்? தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு ஒரு பக்கமாவது எழுதிவையுங்கள்.